பெயர்ந்த சில்லும் பிடுங்கப்பட்ட கைத்திறனும்

ஆய்க்குடியில் ஒரு மாணவியின் மடிக்கணினி திண்ணையிலிருந்து தவறிக் கீழே விழுகின்றது என்று வைத்துக்கொள்க. மேலுறை உடையவில்லை, திரையில் கீறல் இல்லை, ஆயினும் கருவிக்கு உயிர் வரவில்லை. தந்தை அதனைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குச் செல்கின்றார். கடைக்காரர் திறந்து பார்க்கின்றார். மின்சுற்றுப் பலகையின் ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தினும் சிறிய கறுப்புச் சில்லு ஒன்று, தான் இருந்த இடம் விட்டுப் பெயர்ந்து ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கின்றது. 'போர்டு போச்சு, ஐயா! மாற்றுகிற காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம்' என்கின்றார் கடைக்காரர். தந்தை தலையாட்டிவிட்டுப் பேருந்தேறுகின்றார். கணினி பரண்மேல் ஏறுகின்றது.

போனது எது? பலகை போகவில்லை. சில்லும் போகவில்லை. இரண்டையும் இறுகப் பிணித்து நின்ற பற்றாசு விட்டுப்போயிற்று, அவ்வளவே. கழுத்தணியின் கொக்கி கழன்றது என்பதற்காகக் கழுத்தணியையே எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்று எந்தப் பொற்கொல்லனேனும் சொல்வானா? சொன்னால் ஊரார் கைகொட்டிச் சிரியாரோ? ஆனால், அதே சொல்லைக் கணினிக் கடையிற் கேட்கும்போது கற்றாரும் கல்லாரும் ஒருங்கே தலையாட்டுகின்றனர். இத் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்பதே ஆராயத்தக்கது. கடைக்காரரைப் பழிப்பதாற் பயனில்லை. அவர்க்கு அவ் வேலையை முறையாகக் கற்பித்தார் இலர். கற்க விழைந்தபோது அவர் கையிற் கிடைத்தவை அவர்க்கு விளங்காத மொழியில் இருந்தன. பலகையின் வரைபடத்தையோ ஆக்கியோர் தரவே மறுத்தனர். மூன்று பூட்டுகள்! அவற்றுள் ஒரு பூட்டைத் தமிழரே பூட்டிக்கொண்டுள்ளனர் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

சில்லு பெயர்வது எவ்வாறு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தோர் அறிவர்: அதன் உறுப்புகளின் கால்கள் பலகையிலுள்ள துளைகளின்வழி நுழைந்து மறுபுறத்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆணியறைந்தாற் போல் அவை நின்றன. 1980-களில், கருவிகள் சிறுக வேண்டும், பொறிகளே விரைந்து உறுப்புகளைப் பொருத்த வேண்டும் என்ற நோக்கில், கால்களைப் பலகையின் மேற்பரப்பிலேயே வைத்துப் பற்றவைக்கும் முறை பரவியது. துளை இல்லை, ஆணி இல்லை. ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சிறு செப்புத் திட்டு. திட்டின்மேல் ஒரு துளிப் பற்றாசு. அத் துளியே மின்னோட்டத்திற்கு வழி. அத் துளியே சில்லுக்குப் பிடி. அடுத்தடுத்த கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாற் பெரிது. பலகை விழுந்து வளைந்தாலும், நாள்தோறும் சூடேறியும் ஆறியும் விரிந்து சுருங்கினாலும், அத் துளியில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும், தோன்றியது வளரும், வளர்ந்தபின் ஒருநாட் சில்லு பெயரும்.

அப் பற்றாசுதான் யாது? பழைய பற்றாசு, நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது. 183 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகுவது. காரீயம் நஞ்சாகலின், விற்பனைக்கு வரும் மின்னணுக் கருவிகளுள் பெரும்பாலானவற்றில் அதனை 2006 சூலை முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது. இன்று பெருவழக்கிலுள்ள பற்றாசில் 96.5 பங்கு வெள்ளீயமும் 3 பங்கு வெள்ளியும் 0.5 பங்கு செம்பும் உள்ளன. இஃது உருகத் தொடங்குவதற்கே 217 பாகை வேண்டும். பழைய சூட்டிற் பழகிய கை, புதிய பலகையில் தடுமாறுவது இதனாலேதான். வெள்ளீயம், காரீயம், வெள்ளி, செம்பு! இந் நான்கனுள் எப் பெயரை ஆங்கிலனிடம் இரந்து பெற்றோம் என்று தமிழர் சொல்லட்டும். பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்கள் செம்பும் வெள்ளீயமும் கலந்து ஆக்கப்பட்டவை. தென்காசிப் பக்கத்துச் சிற்றாறு சென்று கலப்பதும் அப் பொருநையிலேதான். மாழைகளைக் கலப்பதும் இணைப்பதும் அம் மண்ணுக்குப் புதுத்தொழில் அன்று.

'பற்றாசு' என்பதும் நேற்றுக் கூடிய கலைச்சொற் குழு கட்டிய சொல்லன்று. தமிழ் யாப்பு கற்றோர் 'ஆசிடை நேரிசை வெண்பா' என்பதை அறிவர். முதற் குறளின் இறுதியும் தனிச்சொல்லும் ஓசையால் ஒட்டாமல் நிற்குமிடத்து, ஓரசையோ ஈரசையோ இடையில் வைத்து இணைப்பர். அதற்கு ஆசு என்று பெயர். அஃது ஏன் ஆசு எனப்பட்டது என்பதைப் பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடும் பற்றாசைக் காட்டியே தமிழாசிரியர் விளக்குவது மரபு. பட்டறையின் சொல் பாட்டிலக்கணத்துக்குள் ஏறி அமர்ந்த நாடு இது! அத்தகைய நாட்டில் ஒருவன், 'சால்டரிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது?' என்று ஏளனமாகக் கேட்கின்றான். கேட்பவன் தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றவனாகவும் இருக்கின்றான். யாப்பருங்கலக்காரிகையைத் தேர்வுக்காக உருப்போட்டவனுக்கு, அதிலுள்ள ஆசு தெருமுனைக் கடையிற் புகைந்து கொண்டிருப்பது தெரியவில்லை. (தெருமுனைக் கடைக்காரர்க்கும், தாம் செய்வது பாட்டிலக்கணத்தில் ஏறிய தொழில் என்பது தெரியாது. இருவரையும் ஒருவரோடொருவர் பேசவிடாத கல்வியை என்னென்பது!)

பற்றாசு தானே ஒட்டாது. செம்பின் மேற்பரப்பில் காற்றுப் பட்டுப் பட்டு ஒரு துருப்படலம் படிந்திருக்கும். அதனை நீக்கினாலன்றி உருகிய ஈயம் முத்துமுத்தாய் உருண்டோடுமேயன்றித் தழுவாது. படலத்தை நீக்குவதற்கு இடும் பொருளே இளக்கி. பொற்கொல்லன் வெண்காரம் இடுகின்றான். பித்தளைப் பானைக்கு ஈயம் பூசுவோர், சூடேறிய கலத்தில் நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் தேய்த்து, வெண்புகை எழும்போதே ஈயத்தை ஓட விடுவர். தெருவில் நின்று அதனை வேடிக்கை பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கின்றது. மின்சுற்றுப் பலகைக்கோ இவ் விரண்டும் ஆகா. நவச்சாரம் எஞ்சி நின்று மெல்லிய செப்புத் தடத்தை அரித்துவிடும். ஆகலின், பைன் மரப் பிசினிலிருந்து ஆக்கிய இளக்கியைப் பயன்படுத்துவர். பொருள் வேறு, செயல் ஒன்றே. ஈயம் பூசிய பாட்டனின் பெயரனுக்கு, அவன் பாட்டன் செய்ததும் இதுவே என்று ஒரே ஒரு முறை எடுத்துச் சொன்னால் அரைநாளில் விளங்கும் செய்தி இது. அவனை 'ஃப்ளக்ஸ் ஆக்டிவேஷன்' என்று மனப்பாடம் செய்ய வைத்து, ஓராண்டு கழிந்தும் அஃது ஏன் இடப்படுகின்றது என்று அறியாதவனாய் அனுப்பி வைப்பதற்குப் பெயர் தொழிற்கல்வியாம்!

பெயர்ந்த சில்லை மீண்டும் அமர்த்தும் வேலையை இங்குத் தமிழிலேயே சொல்வோம். முடியுமா முடியாதா என்பதைப் படிப்போர் தீர்மானிக்க.

முதலிற் செய்ய வேண்டியது, விரைந்து எதுவும் செய்யாமை. மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். தூக்கி நிற்கும் சில்லைக் கையாற் பிடுங்கலாகாது. இன்னும் ஒட்டிக்கொண்டுள்ள கால்கள், தம் கீழுள்ள செப்புத் திட்டையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். உருப்பெருக்கியின் கீழ்ப் பலகையை வைத்து நோக்க வேண்டும். சில்லின் ஒரு மூலையில் ஒரு புள்ளியோ குழியோ இருக்கும். அது முதற்காலின் அடையாளம். பலகையிலும் அதற்கு நேராக ஒரு குறி இருக்கும். இரண்டையும் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். திசை மாற்றி அமர்த்திய சில்லு மின்னூட்டிய நொடியிலேயே வெந்து மாளும். மாந்தர் உடலில் தேங்கும் நிலைமின் சில்லின் உள்ளுறுப்பைக் கொல்லுமாகலின், மணிக்கட்டில் நிலத்தொடர்புப் பட்டை கட்டிக்கொண்டே வேலையிற் கைவைத்தல் வேண்டும்.

அடுத்து, பக்கத்து உறுப்புகளை வெப்பந்தாங்கும் ஒட்டுநாடாவால் மறைத்து, எஞ்சிய கால்களின்மேல் இளக்கி இட்டுப் பலகையைக் கீழிருந்து மெல்லச் சூடேற்ற வேண்டும். பலகையின் உள்ளே அகன்ற செப்புத் தகடுகள் படலம் படலமாக உள்ளன. அவை சூட்டை உறிஞ்சி விடுவதால், மேலிருந்து மட்டும் சுட்டால் சில்லு கருகுமேயன்றிப் பற்றாசு உருகாது. பின்னர் வெங்காற்றூதியை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுழற்ற வேண்டும். பற்றாசு கண்ணாடி போல் பளபளக்கும் அந்த நொடியில் இடுக்கியால் தூக்கினால் சில்லு தானே வரும். இழுத்தால்தான் வருகின்றது என்றால் இன்னும் சூடு ஏறவில்லை என்று பொருள். பதறாமல் காத்திருக்கத் தெரிந்தவனுக்கே இத்தொழில்.

சில்லு வந்தபின் திட்டுகளின்மேல் எஞ்சிய பழம் பற்றாசைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்துத் துடைக்க வேண்டும். திட்டுகள் அனைத்தும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றிரண்டு உரிந்து போயிருந்தாலும் அழிந்துவிடவில்லை: அத் திட்டுக்குச் செல்லும் தடத்தின்மேலுள்ள பச்சைப் பூச்சை நுனிக்கத்தியால் சுரண்டிச் செம்பை வெளிப்படுத்தி, மயிரினும் மெல்லிய காப்புப் பூச்சுள்ள செப்புக் கம்பியால் காலையும் தடத்தையும் இணைக்கலாம். பிறகு, வளைந்த கால்களை நிமிர்த்திச் சில்லைத் திட்டுகளின்மேல் நேர்பட வைத்து, ஒரு மூலைக் காலை மட்டும் ஒரு துளியால் நிறுத்த வேண்டும். உருப்பெருக்கியில் மீண்டும் நோக்கி, எல்லாக் கால்களும் தத்தம் திட்டின்மேல் நிற்கின்றன என்று கண்டபின், எதிர் மூலையை நிறுத்த வேண்டும். அதன்பின் இளக்கியைத் தாராளமாக இட்டு, பற்றாசு ஏந்திய சூட்டுக்கோல் நுனியைக் கால் வரிசையின்மேல் மெல்ல இழுத்துச் சென்றால், ஒவ்வொரு காலும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் இயற்கையின் விந்தை உள்ளது. உருகிய பற்றாசு செம்பைத் தழுவும். பச்சைப் பூச்சைத் தீண்டாது. நீர்த்துளியை உருட்சியாக்கும் அதே பரப்பு இழுவிசை, உருகிய பற்றாசையும் இழுத்துத் திட்டின்மேற் குவிக்கின்றது. சற்றே விலகி நிற்கும் சிறு சில்லையும் தன் இடத்துக்கு இழுத்து அமர்த்திவிடும். இரு கால்களுக்கு இடையே பாலம் போல் ஒட்டிக்கொண்டால் செப்புப் பின்னலால் அதனை ஒற்றி எடுத்தால் போதும். முடிவில், மின்னூட்டுவதற்கு முன்னரே பன்மானியை வைத்து, அண்டைக் கால்கள் தம்முள் ஒட்டியுள்ளனவா, மின்வழி நிலத்தோடு சேர்ந்துவிட்டதா என்று நோக்க வேண்டும். இத்தனையும் கைதேர்ந்த ஒருவர்க்கு ஒரு பிற்பகல் வேலைகூட அன்று.

வேலைமுறை கூறிய இப் பகுதியில், அளவைப் பெயர்களும் ஒரு மரத்தின் பெயரும் நீங்கலாக, எங்கே நின்றது தமிழ்? எந்த இடத்தில் கைகட்டி நின்று ஆங்கிலத்தைக் கூப்பிட்டது?

எல்லாச் சில்லையும் இவ்வாறு அமர்த்திவிடலாம் என்று சொல்வது பொய்யாகும். கால்கள் பக்கவாட்டில் இல்லாமல், அடிவயிறெங்கும் கடுகு போன்ற ஈயக் குண்டுகளால் பற்றியிருக்கும் சில்லுகள் உள. அவற்றைப் பெயர்த்துக் குண்டுகளைப் புதிதாகப் பதித்து அமர்த்துவதற்குத் துளைத்தகடும் வெப்பம் அளந்து ஊட்டும் பொறியும் வேண்டும். சரியாக அமர்ந்ததா என்று உறுதியாகக் காண ஊடுகதிர்ப் படமும் வேண்டும். இவற்றை வைத்துக்கொண்டு சில போலிகள் செய்யும் கேட்டையும் மறைக்கலாகாது. சில்லைப் பெயர்க்காமலே அதன்மேல் வெங்காற்றை ஊதி, ஓரிரு கிழமை உயிரோடு இருக்கச் செய்து, காசை வாங்கிக்கொண்டு அனுப்பி விடுகின்றனர். மீண்டும் செத்தபின், 'அப்போதே சொன்னேனே, போர்டு போச்சென்று' என்கின்றனர். உண்மைத் தொழில் அறிந்தவன் ஊரில் இல்லையெனில் போலிக்கே அரசு.

குற்றாலத்துச் சாரல் காலத்தை எண்ணிப் பார்க்க. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழி வந்து தென்காசி, ஆய்க்குடி வட்டாரத்தை நனைக்கும் நாள்களில், உப்புச் சாடியில் உப்புக் கட்டிபடும், துணி உலராது. சில்லின் உறையும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சுகின்றது. ஈரம் உண்ட சில்லை 200 பாகைக்கு மேல் திடுமெனச் சூடாக்கினால், உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி உறையைப் பொரிபோல் வெடிக்கச் செய்யும். உறை பிரித்த சில்லை எத்தனை மணிநேரம் வெளியில் வைக்கலாம் என்பதற்கு உலகத் தரவிதிகள் உள்ளன. அவை 30 பாகை வெப்பத்தையும் 60 விழுக்காட்டு ஈரப்பதத்தையும் எல்லையாகக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஒருவகைச் சில்லுக்கு அவ் வெல்லையில் 168 மணி. சாரல் நாளில் அந்த 60 விழுக்காடு எங்கே, ஆய்க்குடியின் ஈரம் எங்கே! ஆகவே இவ்வட்டாரத்தில் இவ் வேலை செய்பவன், சில்லை முதலில் இளஞ்சூட்டிற் பல மணிநேரம் வைத்து ஈரம் போக்கிக் கொள்ளவேண்டும். வெளியூர் நூலை அப்படியே ஒப்பிப்பவனுக்கு இது தோன்றாது. சாரல் என்ற சொல்லை அறிந்தவன் எழுதும் நூலிலேதான் இக் குறிப்பு இடம்பெறும். தாய்மொழியில் தொழில்நூல் வேண்டும் என்பது வெறும் பற்று அன்று. மண்ணின் இயல்பு அந்நூலிற் புக வேண்டும் என்பதும் அதற்குக் கரணியம்.

ஆய்க்குடியை எடுத்துக்காட்டாகக் கொண்டது வாய்க்கு வந்தபடி அன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனின் ஆய்குடிப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. அவனைப் புறநானூற்றிற் பலவாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பெயரே சொல்கின்றது: அவர் உடற்குறை உடையவர். உடற்குறை அவர் புலமைக்குக் குறையாகவில்லை. வள்ளலின் அவைக்கும் அது தடையாகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதே பெயருடைய ஊரில், 1975-இல் கடற்படை அலுவலர்த் தேர்வின்போது விழுந்து கழுத்தடிபட்டு உடல் செயலிழந்த திரு. இராமகிருட்டிணன் என்பார், 1981-இல் உடற்குறையுற்றோர்க்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெயர் தமிழாயில்லை என்ற வருத்தம் உண்டு. பணியோ தமிழ்நெஞ்சம் தலைவணங்கத் தக்கது. 2020-இல் அவர்க்குத் தாமரைத்திரு விருது அறிவிக்கப்பெற்றது.

உடற்குறையுற்றோர் வாழ்வில் மின்சுற்றுப் பலகையின் இடம் என்ன என்பதைப் பேருந்தேறிப் போகும் உடல்நலத்தோர் உணர்வதில்லை. மின் உருள்நாற்காலியை நடத்துவது ஒரு பலகை. செவித்துணைக் கருவியின் உள்ளே இருப்பதும் சில்லு. பார்வையற்ற மாணவனுக்குப் பாடநூலைப் படித்துக் காட்டுவது கணினி. அங்கே ஒரு சில்லு பெயர்ந்தால், விளையாட்டு நின்றது என்று பொருளன்று. கால் நின்றது, காது நின்றது, கண் நின்றது. 'போர்டு போச்சு' என்ற சொல்லை அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்! இன்னொன்று: இத்தொழில் அமர்ந்து செய்வது, கூர்ந்த கண்ணும் நடுங்காக் கையும் பொறுமையுமே வேண்டுவது. நடக்க இயலாத ஓர் இளைஞன் ஊரிலேயே இருந்து தன் சோற்றைத் தானே ஈட்டுதற்கு இதனினும் ஏற்ற கைத்தொழில் அரிது. அதனை அவனுக்குத் தெரிந்த மொழியில் தருவதற்குத் தடையாக நிற்பவர் எவராயினும் அவர் அவன் சோற்றில் மண்ணிடுகின்றார்.

இனி, வரைபடப் பூட்டு. பலகையின் எந்தத் தடம் எங்கே செல்கின்றது, எந்தக் காலில் எத்தனை மின்னழுத்தம் நிற்க வேண்டும் என்று காட்டும் வரைபடம் இல்லாமல் பழுது நீக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு முள் எடுப்பது போன்றது. முன்னாளில் இவ் வரைபடத்தை ஆக்கியோரே தந்தனர். குமிழ்விளக்கு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்திலேயே அது ஒட்டப்பட்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் தன் மேசைக்கணினியை வெளியிட்டபோது, முழு மின்சுற்று வரைபடங்களும் அடங்கிய தொழில்நுட்ப நூலை வெளிப்படையாக விற்றது. அதனால் அந் நிறுவனம் அழிந்துவிட்டதா? இன்று மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் அவ் வரைபடம் கமுக்கம். அதனோடும் அமையாமல், சில ஆக்குநர், ஓர் உறுப்பை மாற்றினால் அது தம் நிறுவனத்தின் ஒப்புதலின்றி இயங்காவாறு மென்பொருளாற் கட்டிவைக்கின்றனர். பொருளை விற்றபின்னும் அதன் சாவியைத் தம் இடுப்பிலேயே முடிந்துகொள்ளும் வணிகம் இது! ஆய் அண்டிரனை, மறுமைப் பயன் கருதி அறத்தை விலை பேசும் வணிகன் அல்லன் என்று முடமோசியார் போற்றினார். இவ் வணிகர்க்கு அறத்தை விலைபேசும் அளவுக்கேனும் அறத்தின் நினைவு உண்டா என்பதே ஐயம்.

பிற நாடுகள் வாளாவிருக்கவில்லை. பிரான்சு 2021 சனவரி முதல், கணினி, கைப்பேசி முதலியவற்றைப் பழுதுநீக்குதல் எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாக அப் பொருள்களின்மீதே குறிக்கச் செய்தது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2024-இல், மேற்சொன்ன மென்பொருட் கட்டைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுநீக்கும் உரிமைக்கு நெறியுரை வகுத்தது. இந்திய நடுவணரசோ 2022 சூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு இறுதியில் ஒரு வலைத்தளம் திறந்தது. வலைத்தளத்தில் வரைபடம் இருக்கின்றதா என்று தென்காசிக் கடைக்காரரைக் கேட்டால், அவர் சிரிப்பார். உலகில் 2022-ஆம் ஓராண்டில் மட்டும் 6 கோடியே 20 இலக்கம் தொன் மின்னணுக் கழிவு குவிந்ததென்றும், அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே என்றும் ஒன்றிய நாடுகள் அவையின் அறிக்கை சொல்கின்றது. ஒரு துளிப் பற்றாசு விட்டுப்போனதால் எறியப்பட்ட கருவிகளும் அக் குவியலிற் கிடக்கின்றன.

இனித் தமிழன்பர் நெஞ்சில் தைக்க வேண்டிய ஒன்று. தமிழரே பூட்டிய பூட்டு எது என்றால், தமிழில் தொழில்நூல் இன்மையே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழில் நூல்களும் ஆக்கினார். அறுவை மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல ஓர் அயலவர்க்கு இயன்றது. ஈயம் வைப்பதைத் தமிழிற் சொல்ல இன்றைய தமிழர்க்கு இயலாதாம்! தனித்தமிழ் பேசுவோரும் இப் பழியில் தம் பங்கை ஏற்க வேண்டும். மாநாட்டு மேடையிற் பத்தாயிரம் சொற்களைப் பட்டியலிட்டு அச்சிட்டு ஒருவர்க்கொருவர் பரிசளித்துக்கொண்டனர்; பட்டறைக்குள் நுழைந்து பார்த்தோர் எத்தனை பேர்? 'ஒருங்கிணைந்த மின்சுற்று' என்ற நெடுஞ்சொல் பட்டியலிலேயே படுத்துக் கிடக்க, 'சில்லு' என்ற சொல் ஓடியாடி வாழ்கின்றது. ஏன்? சில்லுக்கோடு ஆடிய ஒவ்வொரு சிறுமியும் உடைந்த ஓட்டுச் சில்லைக் கையில் எடுத்தவள். அச்சொல் அவள் உள்ளங்கையிலிருந்து வந்தது. காலைக் 'கால்' என்றும், தடத்தைத் 'தடம்' என்றும், ஒட்டியதைப் 'பாலம்' என்றும் சொன்னால் கடைக்காரர் உடனே பிடித்துக்கொள்கின்றார். தமிழுக்குத் தொண்டு செய்ய விழையும் பண்டிதர் ஒருவர், பத்து நாள் அக் கடையின் முக்காலியில் அமர்ந்து, அவர் செய்வதைப் பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதினால் ஒரு நூல் பிறக்கும். சொற்பிறப்பியல் அறிஞர் பாவாணர் 1902-இல் பிறந்த சங்கரன்கோவில் இன்று அதே தென்காசி மாவட்டத்தில்தான் உள்ளது. அவர் வழியினர் எனச் சொல்லிக்கொள்வோர்க்கு ஆய்க்குடி தொலைவன்று.

தமிழ்நாட்டில் மின்னணுப் பொருள் ஆக்கம் இல்லையா என்றால், மிகுதியாக உண்டு. திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது; அதன் பின்னும் அவ்வட்டாரம் கைப்பேசி ஆக்கத்தில் வளர்ந்துகொண்டே வந்தது. 2024-25 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான மின்னணுப் பொருள்களின் மதிப்பு 1,400 கோடி டாலருக்கும் மேல். இந்திய மாநிலங்களுள் முதலிடம். தென்மாவட்டங்களிலிருந்து சென்று விடுதிகளில் தங்கி, வரிசையில் நின்று, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பலகைகளைக் கையாளும் பெண்கள் தமிழ்ப்பெண்கள். பலகையைப் பொருத்தத் தமிழன் கை வேண்டும். பழுது நீக்க அக் கை ஆகாது! ஆக்கத் தெரிந்த கைக்கு ஆற்றத் தெரியக்கூடாது என்று வைத்தவர் எவர்?

தமிழ்நாட்டரசு 2011 செபுதம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, அடுத்து வந்த ஆண்டுகளில் 50 இலக்கத்துக்கும் மேற்பட்ட கணினிகளை மாணவர்க்கு வழங்கியது. அவற்றுட் பழுதுற்றுப் பரணேறியவை எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. 2025 மார்ச்சு வரவு செலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 20 இலக்கம் கல்லூரி மாணவர்க்குக் கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 20 இலக்கம் கருவிகளை ஒருங்கே வாங்கும் அரசின்முன் எந்த நிறுவனமும் கைகட்டி நிற்கும். அவ்வாறு வாங்கும்போது ஒப்பந்தத்தில் மூன்றே வரிகள் எழுதுக என்று தமிழன்பர்கள் ஊர்தோறும் கேட்கட்டும்: பலகையின் முழு வரைபடத்தை வெளியிடுதல் வேண்டும், உறுப்புகளைத் தனித்தனியே விலைக்குத் தருதல் வேண்டும், பழுதுநீக்கும் கையேட்டைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் அளித்தல் வேண்டும். அக் கையேட்டில், சாரல் நாளில் சில்லை உலர்த்திக்கொள்க என்ற குறிப்பை எழுதுவதற்கு ஆய்க்குடியிலிருந்தோ தென்காசியிலிருந்தோ கைதேர்ந்த ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.